கேஸ் சால்டரிங் அயர்ன் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

கம்ப்யூட்டர் இருக்கும் வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் செட்டுக்கு அடுத்தபடியாக வந்து சேரும் கருவி சால்டரிங் அயர்ன். ஸ்பீக்கர் ஒயர் விட்டுப் போகும். எல்இடி ஸ்டிரிப்புக்கு ஒயர் நீட்ட வேண்டியிருக்கும். பையனின் ரிமோட் காரில் பேட்டரி ஒயர் அறுந்து தொங்கும். இதற்கெல்லாம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 25 வாட் அயர்ன் ஒன்றே பல வீடுகளில் பல வருடங்களாகப் போதுமானதாக இருந்து வருகிறது.

இப்போது ஆன்லைன் கடைகளில் தடித்த பேனா போல ஒரு கருவி அடிக்கடி கண்ணில் படுகிறது. பிளக் கிடையாது, ஒயர் கிடையாது. உள்ளே பியூட்டேன் கேஸ் நிரப்பி, பட்டனை அழுத்தினால் சூடாகிறது. முனையைக் கழற்றினால் சின்ன டார்ச் ஆகிவிடுகிறது. வேறு முனையை மாட்டினால் ஹாட் ஏர் வருகிறது. ஒரு கருவியில் மூன்று வேலை! படத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

ஓசூரில் எங்கள் தெருவில் ஐடிஐ முடித்த ஒரு தம்பி சிசிடிவி கேமரா, ரோஜா ஷெட்டுகளில் சொட்டு நீர் கன்ட்ரோலர், வண்டி ஒயரிங் என்று கிடைக்கும் வேலையெல்லாம் செய்கிறார். அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "அண்ணா, ஷெட்ல பிளக் பாயிண்டே இல்லண்ணா. நூறு மீட்டர் ஒயர் இழுத்துட்டுப் போறதுக்குள்ள பாதி நாள் போயிடுது. கேஸ் அயர்ன் வாங்கிடலாமா? எது நல்ல கம்பெனி?"

எது நல்ல கம்பெனி என்பது இரண்டாவது கேள்வி. இந்தக் கருவி நம் வேலைக்குத் தேவையா என்பதே முதல் கேள்வி. என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கேஸ் அயர்ன் நல்ல கருவி. ஆனால் அதை வாங்க நினைக்கும் பத்துப் பேரில் ஒருவர் இருவருக்குத்தான் அது பொருத்தமானது. காரணங்களைப் பார்ப்போம்.

எப்படி வேலை செய்கிறது?

சிகரெட் லைட்டரில் இருக்கும் அதே பியூட்டேன்தான் இதிலும் எரிபொருள். கைப்பிடியே டேங்க். அழுத்தத்தில் திரவமாக இருக்கும் பியூட்டேன், வால்வைத் திறந்ததும் ஆவியாகி, காற்றோடு கலந்து முனைக்குப் போகிறது. முனையின் உள்ளே பிளாட்டினம் போன்ற உலோகம் பூசிய ஒரு வலை அல்லது பஞ்சு இருக்கும். இதற்கு கேட்டலிஸ்ட் என்று பெயர். முதலில் பொறி பட்டு எரியத் தொடங்கும் கேஸ் இந்த வலையைச் சூடாக்குகிறது. பிறகு வெளியே சுடர் தெரியாமலேயே வலையின் மேல் கேஸ் எரிந்து பிட்டைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். அயர்லாந்தைச் சேர்ந்த போர்ட்டாசால் இந்த வகையில் பழைய பெயர். வெல்லர், டிரெமெல், இரோடா போன்ற கம்பெனிகளின் கேஸ் அயர்ன்களும் உண்டு. பெயரே இல்லாத மலிவுச் சரக்கு ஏராளம்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, எரிந்த கேஸ் எங்காவது வெளியே போயாக வேண்டும். பிட்டுக்குச் சற்றுப் பின்னால் ஒரு சின்னத் துளை இருக்கும். அதன் வழியாகச் சூடான புகைக் காற்று பக்கவாட்டில் வந்துகொண்டே இருக்கும். உங்கள் கண் பிட் நுனியில் இருக்கும்போது, இந்தக் காற்று பக்கத்து ஒயரின் இன்சுலேஷனை உருக்கிக்கொண்டிருக்கும். சாதாரண பிவிசி ஒயர் 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும்படி செய்யப்படுவது என்பதை நினைவில் கொள்ளவும்.

இரண்டாவது, வெப்பத்தை அளந்து கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இதில் கிடையாது. கேஸ் வரும் அளவைக் கூட்டிக் குறைப்பது மட்டும்தான் கட்டுப்பாடு. அடுப்பைச் சிம்மில் வைப்பது போல. 60/40 ஈயம் 183 டிகிரியில் உருகத் தொடங்கி 190 டிகிரிக்குள் முழுவதும் உருகிவிடும். ஈயம் கலக்காத சால்டருக்குச் சுமார் 217 டிகிரி வேண்டும். ஐரோப்பாவில் 2006 ஜூலை முதல் ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு செய்யப்பட்ட போர்டுகளில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். சாதாரண வேலைக்குப் பிட் 320 முதல் 370 டிகிரி வரை இருந்தால் போதும். கேஸ் அயர்னின் பிட் அதைத் தாண்டி எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

டேங்கில் எவ்வளவு சக்தி?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 20 மி.லி. டேங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மி.லி. திரவ பியூட்டேன் 0.58 கிராம். ஆக மொத்தம் சுமார் 11.5 கிராம். ஒரு கிராம் பியூட்டேன் எரிந்தால் கிடைக்கும் வெப்பம் சுமார் 12.7 வாட் அவர். பெருக்கினால் ஏறக்குறைய 146 வாட் அவர் வருகிறது.

வீட்டு யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் பேட்டரியில் இருப்பது 84 வாட் அவர். 20,000 எம்ஏஎச் பவர் பேங்கில் 74 வாட் அவர். அதாவது சட்டைப் பைக்குள் அடங்கும் 20 மி.லி. கேஸ், பெரிய பவர் பேங்க்கைப் போல இரண்டு மடங்கு சக்தியை வைத்திருக்கிறது. கேஸ் அயர்னின் பலமே இதுதான்.

ஆனால் கணக்கு இதோடு முடியவில்லை. அந்த 20 மி.லி. ஒரு மணி நேரத்தில் தீர்ந்தால், கருவி சராசரியாக 146 வாட் எரித்திருக்கிறது என்று அர்த்தம். பெட்டியின் மேலோ "60 வாட்டுக்குச் சமம்" என்று போட்டிருப்பார்கள். மிச்சமெல்லாம் அந்தத் துளை வழியாகப் புகைக் காற்றாகப் போகிறது. அதோடு, இரண்டு ஜாயிண்டுக்கு நடுவே நீங்கள் ஒயர் சீவும்போதும் கேஸ் எரிந்துகொண்டேதான் இருக்கும். அணைத்து அணைத்துப் பற்ற வைக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

நம் ஊருக்கான இன்னொரு கணக்கும் உண்டு. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழிக் காலையில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் குளிர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி. 15 டிகிரிக் குளிரில் டேங்கின் அழுத்தம், 30 டிகிரியில் இருப்பதில் 60 சதவீதம் அளவுதான். கேஸ் ஆவியாக ஆக டேங்க் இன்னும் குளிரும். ஆகவே மதியம் நன்றாக எரிந்த அயர்ன் அதிகாலையில் மந்தமாகத்தான் இருக்கும். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பிடித்துச் சூடேற்றினால் போதும். இதற்காக வேறு எதிலும் காட்டிச் சூடாக்கக் கூடாது.

கேஸ் அயர்ன் எங்கே கை கொடுக்கும்?

நியாயமாகப் பேச வேண்டும். சில இடங்களில் இதை விட்டால் வழியில்லை.

நடு ரோட்டில் நின்றுவிட்ட வண்டியில் ஹாரன் அல்லது இண்டிகேட்டர் ஒயரைத் தற்காலிகமாக ஒட்ட வேண்டுமா? கேஸ் அயர்ன் சிறந்தது. லே அவுட்டின் நடுவே, கம்பத்தில் இருக்கும் சோலார் விளக்கைச் சரி செய்ய வேண்டுமா? சிறந்தது. 4 ஸ்கொயர் எம்எம் ஒயரைப் பற்ற வைக்க 25 வாட் அயர்ன் திணறும்; 100 வாட்டுக்குச் சமமான கேஸ் அயர்ன் நொடியில் முடிக்கும். ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைச் சுருக்க அந்தப் பக்கவாட்டுச் சூடான காற்றே உதவும். மெயின்ஸில் இணைக்கவில்லை என்பதால் கரண்ட் கசிந்து ஷாக் அடிக்கும் பயமும் கிடையாது.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இப்படிப்பட்ட வேலைகள் நிறையவே இருக்கின்றன. 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்த ஊர் இது. லேலண்ட், டைட்டன் என்று தொடங்கி, இன்று ஏதர் ஸ்கூட்டர் ஓசூரிலும், 2021-ல் தொடங்கிய ஓலா ஃபேக்டரி போச்சம்பள்ளியிலும் இருக்கின்றன. சிப்காட்டைச் சுற்றிப் புதுப்புது லே அவுட்டுகள். வீடு கட்டி முடிவதற்கு முன்பே கேமரா மாட்டச் சொல்கிறார்கள். அங்கே கரண்ட் கனெக்ஷன் வந்திருக்காது.

எங்கே கூடவே கூடாது?

முதலில் ரோஜா ஷெட். பாகலூர், பேரிகை, தளி, கெலமங்கலம் சுற்று வட்டாரத்தில் வரிசை வரிசையாகப் பாலிஹவுஸ்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அமுதகொண்டபள்ளியில் டான்புளோரா, தளியில் இஸ்ரேல் ஒத்துழைப்போடு அமைந்த கொய்மலர் மகத்துவ மையம் என்று இந்தப் பகுதி பூவுக்கே பெயர் பெற்றது. பாலிஹவுஸ் கூரை பொதுவாக 200 மைக்ரான் பாலிஎத்திலின் ஷீட். சுமார் 110 டிகிரியில் உருகிவிடும். தீப்பிடித்தால் சொட்டுச் சொட்டாக எரிந்து விழும். கீழே நிழல் வலை, பிளாஸ்டிக் குழாய், காய்ந்த இலை. ஏணி மேல் நின்று, கூரையிலிருந்து ஒரு முழ தூரத்தில் சென்ஸார் ஒயரை கேஸ் அயர்னால் ஒட்டுவதை நினைத்துப் பாருங்கள். எரிவது ஒருவரின் கடன். பல லட்சம் ரூபாய் பேங்க் லோன் வாங்கிப் போட்ட ஷெட் அது. தம்பியிடம் நான் முதலில் சொன்னதும் இதுதான். அவர் கேட்ட இடத்துக்கே அந்தக் கருவி ஆகாது.

இரண்டாவது, இன்வெர்ட்டர் மற்றும் யுபிஎஸ் பேட்டரி அருகில். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது தீப்பிடிக்கும். மாடிப்படி அடியில் அடைத்து வைத்த பேட்டரியின் அருகே சுடர் உள்ள எந்தக் கருவியும் வேண்டாம்.

மூன்றாவது, மதர்போர்டு. உப்பிய கெப்பாசிட்டரை மாற்றலாம் என்று கேஸ் அயர்னை எடுத்தால், பக்கவாட்டுக் காற்றில் அருகிலிருக்கும் சின்னச் சின்னப் பாகங்களும் ராம் ஸ்லாட்டின் பிளாஸ்டிக்கும் சேர்ந்து போகும்.

நான்காவது, தொழிற்சாலை. ஒரு யூனிட்டுக்குள் சென்று கேமரா மாட்டுபவர்கள், சுடர் உள்ள கருவி என்றால் ஹாட் வொர்க் பெர்மிட் வாங்க வேண்டும். பெர்மிட் இல்லாமல் பையில் கேஸ் கேன் இருந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதுதான் சரி.

ஐந்தாவது, எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். பேட்டரி பேக்கிலும் அதன் தடித்த கேபிளிலும் எந்த அயர்னையும் வைக்காதீர்கள். லித்தியம் செல்லுக்குச் சூடு ஆகாது, வாரண்டியும் போய்விடும்.

அந்த ஒயரைச் சால்டர் செய்யத்தான் வேண்டுமா?

"ஒயரிங் வேலைக்கு எந்த அயர்ன்?" என்று கேட்பவர்களின் வேலைப் பட்டியலைப் பார்த்தால், பாதிக்கு மேல் சால்டரே தேவையில்லாத வேலைகளாக இருக்கின்றன.

வீட்டு மெயின்ஸ் ஒயரிங்கை எடுத்துக்கொள்வோம். சிலர் ஒயர் நுனியில் ஈயம் பூசி சுவிட்சின் ஸ்க்ரூவில் முறுக்குவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஈயம் மெதுவான உலோகம். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி விலகும். பிடி தளரும், தளர்ந்த இடம் சூடாகும். ஏசி, கீசர் பாயிண்டுகளில் இது ஆபத்து. ஸ்க்ரூவில் மாட்டும் மல்டி ஸ்டிராண்ட் ஒயருக்கு க்ரிம்ப் செய்யும் லக் அல்லது ஃபெரூல்தான் சரி.

வண்டி ஒயரிங்கிலும் கம்பெனியில் செய்யும் ஹார்னஸை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் க்ரிம்ப்தான். காரணம் அதிர்வு. சால்டர் செய்த இடத்தில் ஈயம் ஒயருக்குள் ஊறி, நெளியும் ஒயரைக் கம்பி போல விறைப்பாக்கிவிடும். அந்த விறைப்பு முடியும் இடத்தில் ஒயர் ஆடி ஆடி ஒடியும். சால்டர் செய்தே ஆக வேண்டும் என்றால் ஸ்லீவ் போட்டு, இரு பக்கமும் ஒயர் ஆடாதபடி டை கட்டிவிட வேண்டும்.

நெட்வொர்க் கேபிளுக்கு க்ரிம்பிங் டூல் போதும். கேமராவின் பிஎன்சி, டிசி பின்களும் ஸ்க்ரூ வகையிலும் க்ரிம்ப் வகையிலும் கிடைக்கின்றன. மழை படும் இடத்துக்கு வாட்டர் ப்ரூஃப் பாக்ஸ் ஒன்று அவசியம். சால்டர் செய்தாலும் அது இல்லாவிட்டால் பச்சை பிடித்துவிடும்.

ஆகவே ஒரு நல்ல க்ரிம்பிங் டூல், ஃபெரூல் செட், ஸ்லீவ் என்று வாங்கினால், பலருக்கு கேஸ் அயர்ன் ஆசை தானாகவே குறைந்துவிடும்.

கேஸ் எங்கே வாங்குவது, எப்படிக் கொண்டு வருவது?

எலெக்ட்ரானிக் சாமான் என்றால் ஓசூர்க்காரர்கள் போவது 40 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கும் பெங்களூரு எஸ்.பி. ரோடு. அயர்னைப் பையில் போட்டுக்கொண்டு வரலாம். கேஸ் ரீஃபில் கேன் அப்படியல்ல. 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவின்படி ஆபத்தான பொருளை ரயிலில் அனுமதியின்றிக் கொண்டு வருவது குற்றம். பஸ்ஸிலும் எளிதில் தீப்பிடிக்கும் பொருளுக்கு அனுமதி கிடையாது. விமானத்தில் எந்தப் பையிலும் கேஸ் ரீஃபில் கேன் கூடாது. கேஸ் தீர்ந்தால் உங்கள் ஊரிலேயே கிடைக்குமா என்று பார்த்துவிட்டு அயர்ன் வாங்கவும். கேஸ் கிடைக்காத கேஸ் அயர்ன் வெறும் பேனாதான்.

கேன் எதில் இருந்தாலும் 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். சித்திரை வெயிலில் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட் அருகே நிறுத்திய காரின் டாஷ்போர்டு அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டும். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலும் வேண்டாம்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. வீட்டு சிலிண்டரிலிருந்து கேஸ் பிடித்து நிரப்பும் "ஐடியா" சிலரிடம் இருக்கிறது. வீட்டு எல்பிஜியில் பியூட்டேனோடு புரோப்பேனும் கலந்திருக்கிறது. அதன் அழுத்தம் மிக அதிகம். பியூட்டேனுக்காகச் செய்த சின்ன டேங்க் அதைத் தாங்காது. இதை விளையாட்டாகக் கூடச் செய்து பார்க்க வேண்டாம்.

வேறு என்ன வழி?

கரண்ட் இல்லாத இடத்தில் சால்டர் செய்ய இன்று மூன்று வழிகள் இருக்கின்றன.

*1. யுஎஸ்பி சி அயர்ன்:* கடந்த சில வருடங்களில் வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பைன்64 என்ற குழுவினர் 2020-ல் வெளியிட்ட பைன்சில் இதற்கு நல்ல உதாரணம். யுஎஸ்பி சி வழியாகவும், 12 முதல் 24 வோல்ட் டிசி வழியாகவும் இயங்கும். உள்ளே ஒரு சின்ன ப்ராசஸர். அதில் ஓடுவது ஐயர்ன்ஓஎஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர். சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் என்பதால் அதன் கோடைத் திறந்து பார்த்தேன். பிட்டின் சூட்டை அளந்து, தேவையான பவரை மட்டும் கொடுக்கிறது. கீழே வைத்துவிட்டால் அசைவில்லை என்று தெரிந்துகொண்டு தானாகவே சூட்டைக் குறைத்துவிடுகிறது. கேஸ் அயர்ன் வீணாக்கும் சக்தியை இது மிச்சம் பிடிக்கிறது. சராசரியாக 20 வாட் இழுத்தால், 74 வாட் அவர் பவர் பேங்கில் இழப்பு போகவும் சுமார் 3 மணி நேரம் ஓடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது பவர் பேங்க்தான். சாதாரண 5 வோல்ட் பவர் பேங்க் தரும் 10 வாட் இதற்குப் போதாது. யுஎஸ்பி பவர் டெலிவரி இருக்க வேண்டும். 20 வோல்ட் கொடுக்க வேண்டும். 45 வாட் அல்லது 65 வாட் என்று எழுதியிருக்க வேண்டும். கேமரா மாட்டுபவர்களிடம் இருக்கும் கார்ட்லெஸ் டிரில்லின் 18 வோல்ட் பேட்டரியிலும், அடாப்டர் போட்டு, ஃப்யூஸ் வைத்து, பிளஸ் மைனஸ் மாறாமல் இணைத்து ஓட்டலாம்.

பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு சுவையான விஷயம் இருந்தது. 1948-ம் ஆண்டுச் சட்டத்தின் 36ஏ பிரிவு, டேங்க், குழி போன்ற அடைசலான இடங்களுக்குள் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின் கருவியைத் தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்றது. 20 வோல்ட்டில் ஓடும் இந்த அயர்ன் அந்த எல்லைக்குள் வருகிறது. ஆனால் தீப்பிடிக்கும் வாயு இருக்கும் இடத்தில் சூடான எந்த பிட்டும் ஆபத்துதான். அதற்கு வோல்ட் கணக்கு உதவாது.

*2. 12 வோல்ட் அயர்ன்:* இரண்டு முதலைக் கிளிப்களோடு வரும். வண்டி பேட்டரியில் மாட்டினால் சூடாகும். விலை குறைவு. வண்டி ஒயரிங் மட்டும் செய்பவருக்கு இதுவே போதும்.

*3. வீட்டு யுபிஎஸ்:* 2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பல மணி நேரம் கரண்ட் போனதை மறந்திருக்க மாட்டோம். அன்று நம்மைக் காப்பாற்றிய அதே கம்ப்யூட்டர் யுபிஎஸ் இதற்கும் உதவும். சாதாரண 25 வாட் அயர்னை அதில் மாட்டலாம். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். மாடியில், தோட்டத்தில் சின்ன வேலைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். கரண்ட் இல்லாதபோதும் ஆன் ஆகும் யுபிஎஸ்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளவும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள சால்டரிங் ஸ்டேஷனை இதில் மாட்ட வேண்டாம்.

அப்படியும் கேஸ் அயர்ன்தான் வேண்டும் என்றால்

உங்கள் வேலை திறந்த வெளியில், தடித்த ஒயரில், கரண்ட்டுக்கு வழியே இல்லாத இடத்தில் என்றால் தாராளமாக வாங்குங்கள். வாங்கும்போது இவற்றைப் பார்க்கவும்.

- உதிரி பிட் தனியாகக் கிடைக்கிறதா? கேட்டலிஸ்ட் தேய்ந்தால் முனையை மாற்றித்தான் ஆக வேண்டும். கிடைக்காது என்றால் அந்த மாடலை விட்டுவிடவும்.
- டேங்கில் கேஸ் அளவு தெரியும் கண்ணாடி இருக்கிறதா?
- தவறி அழுந்தாதபடி லாக் இருக்கிறதா? எரியும்போது முனையை மூடாத, சூடு தாங்கும் மூடி இருக்கிறதா?
- புகைக் காற்றுத் துளை எந்தப் பக்கம் இருக்கிறது? பிட்டைத் திருப்பி அதன் திசையை மாற்ற முடிகிறதா?
- கீழே வைக்க ஸ்டாண்ட் இருக்கிறதா? எரிந்துகொண்டிருக்கும் அயர்ன் மேஜையில் உருளக் கூடாது.
- வாட் எவ்வளவு? மெல்லிய ஒயருக்கு 30 வாட்டுக்குச் சமமானது போதும். 100 வாட் பெருமைக்கு வேண்டாம்.

நிரப்பும்போது அயர்னை அணைத்து ஆற விடவும். காற்றோட்டமான இடத்தில், கேனைத் தலைகீழாகப் பிடித்து நிரப்பவும். பியூட்டேன் ஆவி காற்றைப் போல இரண்டு மடங்கு கனமானது. தரையோடு படிந்து நிற்கும். ஆகவே நிரப்பிய இடத்திலேயே உடனே பற்ற வைக்காமல், சில நிமிடம் கழித்துத் தள்ளிப் போய்ப் பற்ற வைக்கவும். மலிவு லைட்டர் கேஸில் அழுக்கு இருந்தால் நாசில் அடைத்துக்கொள்ளும். சுத்தமான கேஸ் என்று போட்ட கேனையே வாங்கவும். அடைத்த அறையில் பயன்படுத்த வேண்டாம். எரியும் கேஸிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். வேலை முடிந்ததும் முழுவதும் ஆறிய பிறகே பையில் வைக்கவும்.

யார் வாங்கித் தர வேண்டும்?

கடைசியாக ஒரு விஷயம். நமக்கு இது பொழுதுபோக்கு. தவறான கருவி வாங்கினால் அலமாரியில் ஒரு பொருள் கூடும்; அவ்வளவுதான். தினக்கூலிக்கு வேலை செய்யும் பையன்களுக்கு அப்படி இல்லை. ஒரு அயர்ன் வாங்குவது அவர்களுக்கு சில நாள் சம்பளம். பெரும்பாலான இடங்களில் கான்ட்ராக்டர் கொடுப்பது இன்சுலேஷன் டேப் மட்டும்தான். மற்றதெல்லாம் அவர்களே வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் கையில் இருக்கும் காசுக்கு எது கிடைக்கிறதோ அதை வாங்குகிறார்கள். பெயரில்லாத கேஸ் அயர்ன்கள் விற்பதே இவர்களை நம்பித்தான். ஷெட்டில் தீப்பிடித்தால் கேள்வியும் அவர்களிடம்தான் வரும்.

ஆகவே வேலை கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேமராவுக்கு ஆயிரக் கணக்கில் செலவழிக்கும் நீங்கள், ஷெட்டின் நடுவில் பாதுகாப்பான ஒரு பிளக் பாயிண்ட் போட்டு வையுங்கள். முடியாவிட்டால் வேலை நாளில் சார்ஜ் ஏற்றிய ஒரு 12 வோல்ட் பேட்டரியாவது கொடுங்கள். கான்ட்ராக்டர்கள் ஒரு யுஎஸ்பி சி அயர்னும் ஒரு பவர் பேங்கும் வாங்கி, டீமுக்குப் பொதுவாக வைக்கலாம். ஒரு நாள் வேலை மிச்சமானாலே அந்தச் செலவில் பெரும் பகுதி திரும்பிவிடும்.

எங்கள் தெருத் தம்பிக்கு நான் சொன்ன பட்டியல் இது: முதலில் க்ரிம்பிங் டூல், ஃபெரூல், ஸ்லீவ். அடுத்து, டிரில் பேட்டரியில் ஓடும் டிசி அயர்ன். ரோட்டோர வண்டி வேலை தினமும் வருகிறது என்றால் மட்டும், கடைசியாக, உதிரி பிட் கிடைக்கும் ஒரு கேஸ் அயர்ன். இந்த வரிசையை மாற்றாமல் வாங்கினால் காசும் மிஞ்சும், ஷெட்டும் மிஞ்சும்.